முதலையின் நிறம்

எங்கள் ஊர்க் குட்டையில் முதலை இருப்பது
எல்லாருக்கும் தெரியும்.
ஈயம் தோண்டிக் கைவிட்ட பள்ளம்,
இரண்டாம் டிவிஷன் முடிகிற இடத்தில்.
அப்போது சுற்றிலும் பால்மரம், இப்போது செம்பனை.
ஆழத்தை யாரும் அளந்ததில்லை.
கரையில் பலகை நட்டிருக்கிறார்கள்:
அவாஸ், புவாயா.
படத்தில் அதற்குப் பல் கொஞ்சம் அதிகம்.

பஸ் ஓட்டும் சவரிமுத்து வாலைப் பார்த்திருக்கிறார்.
தவுக்கே ஆ லியோங் இரண்டு வாத்து பறிகொடுத்தார்,
பின்னாளில் அது மூன்றானது.
பாக் சாலே அதன் வயதையே சொல்வார்:
ஜப்பான்காரன் காலத்தது.
கோயில் பூசாரி ஆடி மாதம் கரையில்
ஒரு சேவலைக் கட்டிவிட்டு வருவார்.
விடிந்தால் கயிறு மட்டும் கிடக்கும்.
நாய்கள் மேல் இதுவரை
ஒருவரும் பழி போட்டதில்லை.

மில்லில் எடைமேடைக் கிராணி நான்.
லாரி ஏறும், எண் எரியும், எழுதுவேன்.
பன்னிரண்டு டன் நானூறு என்றால்
டிரைவர் தலையாட்டுவான், கணக்கில் பணம் ஏறும்.
குலை குலையாய் யார் தூக்கிப் பார்த்தது?
உலகம் இப்படித்தான் உருள்கிறது என்று தெரிந்ததால்
இத்தனை நாள் வாயைத் திறக்கவில்லை.

சொல்லிவிடுகிறேன்.
அந்த முதலையை விட்டது நான்தான்.

ஒன்பது வயது.
பள்ளி விட்டதும் குட்டையில் குதித்து
ஒற்றைச் சப்பாத்தைத் தொலைத்துவிட்டு
நனைந்த நீலப் பினபோருடன் வாசலில் நின்றேன்.
அம்மா கையில் ரோத்தான்.
"முதலை" என்றேன்.
ரோத்தான் கீழே விழுந்தது.

அவ்வளவுதான் என் பங்கு.
வாலை நான் சொல்லவில்லை.
கண் இரண்டும் டார்ச் லைட்டாய் எரிந்ததை
ஒரு வாரம் கழித்துக் குழாயடியில்
அஞ்சலையக்காதான் எனக்குச் சொன்னாள்.
மயிர்க்கூச்செறியக் கேட்டேன்.
மறுநாளிலிருந்து சுற்றுப்பாதையில்தான்
பள்ளிக்கூடம் போனேன்.

பலகை நட்ட வருஷம்
ஒட்டுப்பால் லாரியில் வேலை பார்த்த வேலாண்டி
சம்பள நாள் இரவு வீடு திரும்பவில்லை.
சட்டை கரையில் கிடந்தது என்றார்கள்.
போலீஸ் வந்தது,
பலகையைப் படித்தது,
போய்விட்டது.
ஜொகூர் போகும் இரவு பஸ்ஸில்
யார் ஏறினார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை.
செங்கமலம் அதே கரையில்
அவனுக்குக் கருமாதி செய்தாள்.
நான் அம்மாவின் சேலைக்குப் பின்னால் நின்று
எள்ளுருண்டை தின்றேன்.

முப்பத்தெட்டு வருஷம்.
போன சனிக்கிழமை பசார் மாலாமில்
அவள் வடைக்கடை முன்னால்
கூட்டம் குறையும்வரை காத்திருந்து சொன்னேன்.
ரோத்தான், சப்பாத்து, பொய், எல்லாம்.

கரண்டியில் எண்ணெயை வடியவிட்டபடி கேட்டாள்.
"மொதல கொண்டுபோனவன் பொண்டாட்டின்னு
இந்த ஊரு எனக்கு அரிசி போட்டுச்சு.
லயத்தக் காலி பண்ணச் சொன்ன தொரகூட
அத நெனச்சு விட்டுட்டான்.
ஓடிப்போனவன் பொண்டாட்டிக்கு
யாரு போடுவா, நீயே சொல்லு.
எம் மவன் வருஷா வருஷம்
அப்பன் படத்துக்கு மால வாங்குறான்.
இப்ப வந்து பொய்யிங்கிற."

யாரோ நாலு வடை கேட்டார்கள்.
காகிதத்தில் சுற்றிக் கொடுத்தாள்,
சில்லறையை எண்ணாமல் டப்பாவில் போட்டாள்.
பிறகு குரலை இறக்கி,
"சின்ன வயசுல பாத்தது மறந்துபோவும்.
நல்லா நெனச்சுப் பாரு.
என்ன நெறம் அது?"

சட்டியில் எண்ணெய் இரைந்தது.
தார்ப்பாய்க்கு அப்பால்
குட்டைப் பக்கம் தவளைச் சத்தம்.
நினைத்துப் பார்த்தேன்.

"காஞ்ச ஒட்டுப்பால் நெறம்" என்றேன்.
"முதுகுல பாசி."